ஒரு சேலை, இரண்டு வேடங்கள்

ஆண்டு விழாவுக்கு இன்னும் பதினாறு நாள் இருந்தது. மாறுவேடப் போட்டிக்குப் பெயர் கொடுக்க அன்றுதான் கடைசி நாள். இரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவனின் அம்மா வேலைக்குப் போகும் வழியில் பள்ளி வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டார்.

"டீச்சர், தம்பி பேரை எழுதிக்கோங்க. ராஜராஜ சோழன் வேஷம். கடையில டிரஸ் சொல்லி வச்சிருக்கேன். நானூறு ரூபா வாடகை."

"பாப்பாவுக்கு என்ன வேஷம்?" என்று கேட்டேன். அவருடைய மகள் என் ஏழாம் வகுப்பில் படிக்கிறாள்.

"அவ பெரியவ, புரிஞ்சுக்குவா டீச்சர். ரெண்டு பேருக்கும்னா எண்ணூறு ரூபா ஆகுமே, எங்க போறது? தம்பிக்கு டிரஸ் மாட்டிவிட அவ கூட இருக்கட்டும்."

அந்தப் பெண் தம்பியின் புத்தகப் பையையும் சேர்த்துத் தோளில் மாட்டிக்கொண்டு அம்மாவுக்குப் பின்னால் நின்றாள். நான் எதுவும் கேட்பதற்கு முன்பே, "எனக்கு வேணாம் டீச்சர்" என்றாள். வேண்டாம் என்று சொல்லிப் பழகிய குரல் அது.

அன்று மாலை கடந்த ஆண்டின் பெயர்ப் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். எங்கள் பள்ளி நடுநிலைப் பள்ளி. அக்கா ஏழாம் வகுப்பிலும் தம்பி இரண்டாம் வகுப்பிலும் படிக்கும் வீடுகள் பல உண்டு. ஆனால், பட்டியலில் ஒரு வீட்டுக்கு ஒரு பெயர்தான் இருந்தது. அது பெரும்பாலும் வீட்டின் கடைக்குட்டியின் பெயர். அக்காக்கள் மேடைக்குப் பின்னால் ஊக்கு குத்திக்கொண்டிருந்திருக்கிறார்கள். நானும் அந்த மேடைக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். இது என் கண்ணில் படவில்லை.

மறுநாள் ஆசிரியர் கூட்டத்தில் பேசி, தலைமையாசிரியர் ஒப்புதலுடன் இரண்டு விதிகளை வகுத்தோம். ஒன்று, இந்த ஆண்டு யாரும் வாடகை உடை அணியக் கூடாது. வேடங்களை வீட்டில் இருக்கும் பொருளைக்கொண்டே செய்ய வேண்டும். இரண்டு, உடன்பிறந்தவர்கள் ஒரே பள்ளியில் படித்தால் இருவரும் சேர்ந்து ஒரே கருத்தில் இணை வேடமாக வர வேண்டும். உடன்பிறந்தார் இல்லாத பிள்ளைகளும், உடன்பிறந்தார் வேறு பள்ளியில் படிக்கும் பிள்ளைகளும் சித்தப்பா பிள்ளை, அத்தை பிள்ளை, பக்கத்து வீட்டுத் தோழி என யாரோடும் இணையலாம்.

முதல் விதியில் விலக்கு தரவில்லை. காரணம் உண்டு. அந்த அம்மாவிடம் இதைச் சொன்னபோது அவர் முகம் வாடிவிட்டது. "வீட்டுல செஞ்சதப் போட்டுட்டு வந்தா, காசில்லாம வந்திருக்காங்கன்னு பேச மாட்டாங்களா டீச்சர்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. பாதிப் பிள்ளைகள் வெல்வெட்டிலும் பாதிப் பிள்ளைகள் செய்தித்தாளிலும் வந்தால், செய்தித்தாள் உடை வறுமையின் அடையாளம் ஆகிவிடும். எல்லாரும் வீட்டில் செய்தே வந்தால் அது ஒரு கைவேலை, ஒரு பாடம். செலவு குறைந்த வேடம் என்ற முயற்சியை ஏழைப் பிள்ளைகளுக்கு மட்டும் தரும் சலுகையாக வைக்கக் கூடாது என்பதை நான் கற்றுக்கொண்டது அந்த அம்மாவிடம்தான்.

அந்தப் பதினைந்து நாளில் நாங்கள் செய்து பார்த்த மூன்று இணை வேடங்களின் செய்முறையைக் கீழே தருகிறேன். உங்கள் பள்ளியிலும் செய்து பார்க்கலாம்.

முதல் இணை: குந்தவையும் அருள்மொழியும்

தம்பி ராஜராஜன் என்றால் அக்கா யார்? வரலாற்றிலேயே விடை இருக்கிறது. அருள்மொழி என்ற இயற்பெயர் கொண்ட முதலாம் இராசராச சோழனின் அக்கா குந்தவை. தஞ்சாவூர்ப் பெரிய கோயில் 1010ஆம் ஆண்டில் நிறைவுபெற்றது. கோயிலுக்குத் தான் கொடுத்தவற்றோடு தன் அக்கன் கொடுத்தவற்றையும் கல்லில் வெட்டச் சொன்னான் இராசராசன். தந்தை சுந்தர சோழரின் பெயரில் தஞ்சாவூரில் இயங்கிய ஆதுலர்சாலைக்கு, அதாவது மருத்துவமனைக்கு, குந்தவை கொடை அளித்ததையும் கல்வெட்டுகள் சொல்கின்றன.

இதை வகுப்பில் சொன்னதும் அந்தப் பெண், "அப்ப அக்கா பேரும் கல்லுல இருக்கா டீச்சர்?" என்று கேட்டாள். "இருக்கு" என்றேன். அன்று மாலையே அம்மாவிடம் கேட்டு ஒரு பழைய சேலையைக் கொண்டுவந்தாள். அரக்கு நிறம், இருபுறமும் சரிகைக் கரை. கொசுவம் வரும் இடத்தில் ஆணி மாட்டிக் குறுக்கே கிழிந்திருந்தது.

அளவெடுத்தல்

சேலையை வெட்டும் முன் வகுப்பில் எல்லாரும் தத்தம் இணையின் அளவை எடுத்தோம். அளவு நாடா இல்லாதவர்கள் நூலால் அளந்து, நூலை அளவுகோலில் வைத்துப் பார்த்தார்கள். இந்த அக்கா, தம்பியின் அளவு இது:

உயரம்: அக்கா 142 செ.மீ., தம்பி 118 செ.மீ.
இடுப்பிலிருந்து கணுக்கால் வரை: அக்கா 86 செ.மீ., தம்பி 68 செ.மீ.
தலைச் சுற்றளவு: அக்கா 53 செ.மீ.

தம்பியின் தலைச் சுற்றளவை அளக்கும் முன் கணக்கிட்டுச் சொல்லச் சொன்னேன். விகிதம் படித்த பிள்ளைகள் உடனே கணக்குப் போட்டார்கள். 53-ஐ 118-ஆல் பெருக்கி 142-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 44. "44 செ.மீ. டீச்சர்" என்று கையைத் தூக்கினார்கள். இரண்டாம் வகுப்பிலிருந்து தம்பியை அழைத்துவந்து அளந்தோம். 51 செ.மீ.!

வகுப்பு அமைதியாகிவிட்டது. திரும்ப அளந்தார்கள். அதே 51. அவர்கள் போட்ட பெருக்கலும் வகுத்தலும் சரியே. எல்லா உறுப்பும் உயரத்தோடு ஒரே விகிதத்தில் வளரும் என்று எடுத்துக்கொண்டதுதான் பிழை. குழந்தையின் தலை முதல் சில ஆண்டுகளிலேயே பெரும்பகுதி வளர்ந்துவிடுகிறது. கை கால்கள் அதற்குப் பின்னும் நெடுங்காலம் வளர்கின்றன. 44 செ.மீ. அளவில் முடி செய்திருந்தால் அது தம்பியின் தலையில் ஏறியே இருக்காது. விகிதத்தை எங்கே பயன்படுத்தலாம், எங்கே கூடாது என்பதை நான் கரும்பலகையில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அன்று ஒரு நூல்கண்டு அதை என்னைவிட நன்றாகச் சொன்னது.

சேலையைப் பிரித்தல்

சேலையின் நீளம் 5.5 மீட்டர், அகலம் 110 செ.மீ. கிழிசல் உள்முனையிலிருந்து 2 மீட்டரில் இருந்தது. அந்த இடத்திலேயே குறுக்கே வெட்டினோம். முந்தானையுடன் கூடிய 3.5 மீட்டர் அக்காவுக்கு. 2 மீட்டர் தம்பிக்கு.

தம்பியின் துண்டை நீளவாக்கில் மறுபடியும் வெட்ட வேண்டும். கீழ்க்கரையிலிருந்து 70 செ.மீ. அகலத்தில் ஒரு பகுதி. மேல் விளிம்பில் 2 செ.மீ. மடித்து ஓட்டுத்தையல் போட்டால் அவன் இடுப்பிலிருந்து கணுக்காலுக்குச் சரியாக 68 செ.மீ. வரும். இது இடுப்பு வேட்டி. கால்சட்டையின் மேல் சுற்றி, முன்புறம் கொசுவம் வைத்துச் செருகி, மேலே ஒரு நாடாவால் கட்ட வேண்டும். மீதமுள்ள 40 செ.மீ. அகலப் பகுதியில் மேல்கரை இருக்கும். அது தோளில் போடும் மேலாடை. ஒரே சேலையின் இரண்டு கரைகளும் அவனுக்குப் பயன்பட்டுவிட்டன.

அக்காவுக்குத் தையலே இல்லை. வீட்டிலிருக்கும் பாவாடை, ரவிக்கையின் மேல் சேலையாகவே கட்டலாம். இடுப்பைச் சுற்றும் பகுதியில் மட்டும் மேல்பக்கம் 24 செ.மீ. உள்ளே மடித்துக்கொண்டால் தரையில் புரளாது. ஒரே நிறம், ஒரே கரை என்பதால் இருவரும் சேர்ந்து நிற்கும்போது ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்பது பார்த்ததும் தெரியும்.

முடியும் நகையும்

சார்ட் அட்டை ஏறத்தாழ 70 செ.மீ. நீளமும் 56 செ.மீ. அகலமும் உடையது. ஒட்டுவதற்கு 3 செ.மீ. கூட்டினால் தம்பிக்கு 54 செ.மீ., அக்காவுக்கு 56 செ.மீ. நீளப் பட்டை வேண்டும். அகலவாக்கில் வெட்டினால் ஒரே அட்டையில் இருவருக்கும் கிடைத்துவிடும். தம்பிக்கு 15 செ.மீ. உயர முடி, உறுதியாக இருக்க இரண்டு பட்டைகளைச் சேர்த்து ஒட்ட வேண்டும். அக்காவுக்கு 6 செ.மீ. உயரத் தலைப்பட்டை போதும். கொண்டையைச் சுற்றிப் பூ வைக்கலாம்.

பொன்னிறத்துக்குத் தனியாகத் தாள் வாங்கவில்லை. தின்பண்ட உறைகளைக் கழுவித் துடைத்தால் உட்புறம் வெள்ளிபோல் மின்னும். அதை அட்டையில் ஒட்டி, மேலே மஞ்சள் கண்ணாடித்தாளைச் சுற்றினால் பொன்னிறம் வந்துவிடும். ஏன் அப்படி என்பது அறிவியல் ஆசிரியருக்கான கேள்வி. மஞ்சள் தாள், வெள்ளொளியிலுள்ள நீலத்தைத் தடுத்துவிட்டு மற்ற நிறங்களை விடுகிறது. வெள்ளிப்பரப்பு அவற்றைத் திருப்பி அனுப்புகிறது.

ஆரத்துக்கு அட்டைப் பெட்டியைப் பிறை வடிவில் வெட்டி, புளியங்கொட்டைகளை வரிசையாக ஒட்டலாம். காப்புக்குச் செய்தித்தாளை முறுக்கி வளைத்து அதே வெள்ளி உறையைச் சுற்றலாம். ஒட்டுவதற்கு மைதாப் பசை போதும். இரண்டு கரண்டி மைதாவை ஒரு டம்ளர் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, பெரியவர் ஒருவர் அடுப்பில் வைத்துக் கூழாகும்வரை கிளற வேண்டும். பசை கெடாமலிருக்கத் துத்தம் சேர்க்கும் வழக்கம் உண்டு. அது நஞ்சு, பிள்ளைகள் கைபடும் பசையில் சேர்க்கவே கூடாது. அன்றன்றைக்குக் கொஞ்சமாகக் காய்ச்சிக்கொள்ளலாம்.

செலவுக் கணக்கையும் பிள்ளைகளே எழுதினார்கள். சார்ட் அட்டை 10 ரூபாய், மஞ்சள் கண்ணாடித்தாள் 10 ரூபாய், ஊக்கு ஓர் அட்டை 10 ரூபாய், நாடா 10 ரூபாய், மைதா 10 ரூபாய். இருவருக்கும் சேர்த்து 50 ரூபாய்.

ஒன்றை மட்டும் பிள்ளைகளிடம் மறைக்காமல் சொன்னோம். சோழர் காலத்தில் இப்படித்தான் உடுத்தினார்கள் என்று நாம் உறுதி கூற முடியாது. கடைகளில் கிடைக்கும் வெல்வெட் ராஜா உடையும் நாடக மேடையிலிருந்து வந்ததே. பெரிய கோயிலின் உட்சுவரிலுள்ள சோழர் கால ஓவியங்களில் தைத்த மேலங்கியைவிட மேனியில் அணிகலன்களே மிகுதியாகத் தெரிகின்றன. படத்தைக் காட்டி, நம் வேடம் எங்கே ஒத்துப்போகிறது, எங்கே கற்பனை என்று பேசவைத்தால் அது சமூக அறிவியல் பாடம்.

மேடைப் பேச்சு

இணை வேடத்தில் தனிப் பேச்சு வேண்டாம், உரையாடல் போதும். சிறியவருக்கு மூன்று வாக்கியத்துக்கு மேல் தர வேண்டாம். அக்காவும் தம்பியும் தமிழாசிரியர் உதவியோடு எழுதியது இது:

தம்பி: அக்கா! கோயில் எழும்பிவிட்டது. கல்லில் என்ன வெட்டச் சொல்லட்டும்?
அக்கா: கொடுத்தவர்கள் பெயரை வெட்டச் சொல், அருள்மொழி.
தம்பி: நான் கொடுத்தது நிறைய. நீங்கள் கொடுத்ததும் நிறைய.
அக்கா: அப்படியானால் இரண்டையும் எழுது. ஒன்றை எழுதி ஒன்றை விடாதே.

இரண்டாம் இணை: கறிவேப்பிலைப் புழுவும் பட்டாம்பூச்சியும்

மூன்றாம் வகுப்புத் தங்கையும் ஐந்தாம் வகுப்பு அண்ணனும் எடுத்துக்கொண்டது இது. கறிவேப்பிலைச் செடி பல வீட்டுக் கொல்லையில் இருக்கிறது. அதில் பச்சைப் புழுக்களைப் பார்த்து நசுக்கியிருப்போம். கறிவேப்பிலை அழகி என்னும் பட்டாம்பூச்சியின் புழுக்களாகவும் அவை இருக்கலாம். இளம் புழு பறவையின் எச்சம்போல் தோற்றமளித்துத் தப்பிக்கும். வளர்ந்தபின் இலைபோல் பச்சையாகிவிடும். சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து கவட்டை வடிவில் ஒரு சிவப்பு உறுப்பை நீட்டி நாற்றம் பரப்பும்.

புழு வேடத்துக்கு ஒரு பழைய பச்சைத் துப்பட்டா. நீளவாக்கில் மடித்து ஓரத்தைத் தைத்தால் குழாய்போல் ஆகும். உள்ளே கிழிந்த துணிகளை அடைத்து, ஒரு சாண் இடைவெளியில் நூலால் கட்டினால் கண்டங்கள் வந்துவிடும். அதைத் தோளிலிருந்து முன்புறம் தொங்கவிட வேண்டும். முன்பகுதியில் மூன்று இணைக் கால்களைக் கறுப்புத் துணியில் செய்து தைக்கலாம். தலையில் பச்சைத் துணிப்பட்டை. அதற்குப் பின்னால் இரண்டு சிவப்பு ரிப்பன்களை மடித்து வைத்து, நூலை இழுத்தால் மேலே எழும்படி செய்தாள் அந்தத் தங்கை. இந்த உத்தி அவளுடையதே.

பட்டாம்பூச்சிக்கு உடைந்த கறுப்புக் குடை. பெரியவர் ஒருவர் கம்பிகளைக் கழற்றிவிட்டுத் துணியை மட்டும் தர வேண்டும். துணியைச் சரிபாதியாக வெட்டினால் அரைவட்டம் கிடைக்கும். நேர்விளிம்பு இரண்டு கைகளின் மேலும், நடுப்புள்ளி பின்கழுத்திலும், வளைந்த விளிம்பு முதுகுக்குக் கீழும் வரும்படி வைத்துச் சட்டையோடு தைக்க வேண்டும். மணிக்கட்டில் மாட்ட இரு முனையிலும் எலாஸ்டிக் வளையம். கீழே நடுத்தையலைப் பாதிவரை பிரித்துவிட்டால் இரண்டு சிறகாகத் தோன்றும். ஆண் பூச்சியின் பின்சிறகில் வரிசையாக வெள்ளைப் புள்ளிகள் உண்டு; பழைய வெள்ளைத் துணியை வெட்டித் தைக்கலாம். மறுபாதிக் குடை இன்னொரு பட்டாம்பூச்சிக்கு ஆகும். எங்கள் பள்ளியில் அது பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் போனது.

நிறம் வேறு, வடிவம் வேறு. இருவரையும் எது இணைக்கிறது? இருவர் கையிலும் ஒரு கறிவேப்பிலைக் கொத்து. ஒருவர் அதைத் தின்கிறார். ஒருவர் அதில் முட்டையிட இணையைத் தேடுகிறார். வாழ்க்கைச் சுழற்சிப் பாடம் இதிலேயே முடிந்துவிடுகிறது.

மூன்றாம் இணை: மருது சகோதரர்கள்

அண்ணன் தம்பி இருவர் என்றால் பெரிய மருது, சின்ன மருது. 1801 ஜூனில் சின்ன மருது ஆங்கிலேயருக்கு எதிராக வெளியிட்ட அறிவிப்பு திருச்சிராப்பள்ளிக் கோட்டையிலும் ஸ்ரீரங்கத்திலும் ஒட்டப்பட்டது. அதே ஆண்டு அக்டோபர் 24 அன்று இருவரும் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள்.

இந்த வேடத்துக்குச் செலவு மிகக் குறைவு. அப்பாவின் ஒரு வேட்டியை இரண்டாக மடித்துத் தம்பிக்கு, இன்னொன்றை இடுப்பில் மடித்து அண்ணனுக்கு. தலைப்பாகைக்கும் இடுப்புக் கச்சைக்கும் ஒரே நிறத் துண்டுகள். அதுவே இணையின் அடையாளம். மீசையைக் கண்மையால் வரையலாம். கம்பளி நூலைப் பசையால் தோலில் ஒட்ட வேண்டாம். வளரியை அட்டைப் பெட்டியில் பிறை வடிவில் வெட்டி, முனைகளை மழுக்கி, செய்தித்தாள் சுற்றிப் பழுப்பு வண்ணம் பூசலாம். பெரிய மருதுக்கும் சின்ன மருதுக்கும் வளரியின் அளவை மாற்றாமல் ஒரே வார்ப்பில் வெட்டச் சொன்னோம். ஒன்று பெரிதாக இருந்தால் மேடைக்குப் பின்னால் போர் மூண்டுவிடும் என்பது எங்கள் அனுபவம்!

கவனத்தில் வைக்க வேண்டியவை

1. நைலான், பாலியஸ்டர் சேலைகள் தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். குத்துவிளக்கு, கற்பூரம், அடுப்பு அருகே வேடத்தோடு செல்லக் கூடாது. விழா மேடையில் குத்துவிளக்கை வேடமிட்ட பிள்ளைகளிடமிருந்து தள்ளி வைக்க வேண்டும்.
2. மூக்கு, வாயை மூடும் முகமூடி வேண்டாம். கழுத்தில் இறுக்கமான முடிச்சு வேண்டாம்.
3. மூன்றாம் வகுப்புவரை ஊக்குக்குப் பதில் ஓட்டுத்தையல் அல்லது நாடா. பெரிய பிள்ளைகளுக்கு ஊக்கு குத்தினாலும் மேலே துணி ஒட்டி மறைக்க வேண்டும்.
4. வேடத்தோடு கழிப்பறைக்குச் செல்ல முடியுமா, உட்கார முடியுமா, படி ஏற முடியுமா என்று ஒத்திகையில் பார்க்க வேண்டும்.
5. சுவர் வண்ணம், போஸ்டர் வண்ணம் முகத்தில் கூடாது. குங்குமம், மஞ்சள், கண்மை போதும்.
6. தோலைக் கறுப்பாக்கி ஒரு மக்களைக் குறிப்பது, உடற்குறையை நடித்துச் சிரிக்கவைப்பது, ஒரு தொழில் செய்வோரை இழிவாகக் காட்டுவது ஆகியவற்றைப் பெயர் பதியும்போதே தவிர்க்க வேண்டும். அந்த வீட்டுப் பிள்ளையும் நம் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருக்கும்.

ஆசிரியர் செய்ய வேண்டியவை

பதினைந்து நாளை நாங்கள் இப்படிப் பிரித்துக்கொண்டோம். முதல் இரண்டு நாள், இணையும் கருத்தும் முடிவு செய்தல். அடுத்த மூன்று நாள், அளவெடுத்து, பொருள்களின் பட்டியல் எழுதுதல். பின்னர் வரும் சனி, ஞாயிறில் வீட்டில் வெட்டுதல், தைத்தல். அடுத்த வாரம் கலைப் பாடவேளைகளில் முடி, நகை செய்தல். கடைசி இரண்டு நாள் ஒத்திகை.

வீட்டில் செய்வது என்றால் அம்மா செய்வது என்று பொருளாகிவிடும். விடியற்காலையில் வேலைக்குப் போய் இருட்டியபின் வரும் அம்மாவுக்கு இது இன்னொரு சுமையாகக் கூடாது. எனவே பெரியவர் உதவி தேவைப்படும் வேலைகளை இரண்டு மணி நேரத்துக்குள் முடியும்படி வகுத்தோம். மற்றவற்றைப் பிள்ளைகளே செய்தார்கள். அண்ணன்மாருக்கும் ஊசி, நூல் கொடுத்தோம். தம்பி, தங்கைக்குத் தைத்துக் கொடுப்பது அக்காவின் வேலை மட்டும் அன்று.

ஆசிரியர் அறையில் ஒரு துணிப்பெட்டி வைத்தோம். நாங்களும் பழைய துணி, குடை, துப்பட்டா கொண்டுவந்து போட்டோம். யார் எடுத்தார்கள் என்று கணக்கு வைக்கவில்லை. விடுதிப் பிள்ளைகளுக்கும் பிற மாநிலத்திலிருந்து வந்து படிக்கும் பிள்ளைகளுக்கும் அந்தப் பெட்டிதான் வீடு.

மதிப்பெண் முறையையும் மாற்றினோம். உரையாடலுக்கு 8, வேடம் சொல்லும் கருத்துக்கு 6, எப்படிச் செய்தோம் என்ற விளக்கத்துக்கு 6, ஆக 20. உடையின் பளபளப்புக்கு மதிப்பெண் இல்லை. இதை முன்கூட்டியே பெற்றோருக்கு எழுதி அனுப்பினோம்.

விழா நாளில்

பெரிய மருது மேடை ஏறும்போது தலைப்பாகை அவிழ்ந்தது. சின்ன மருது வளரியை இடுப்பில் செருகிவிட்டு அதைக் கட்டிவிட்டான். அரங்கம் கைதட்டியது. பச்சைப் புழு நூலை இழுத்துச் சிவப்புக் கொம்பை நீட்டியபோது முன்வரிசைப் பிள்ளைகள் கூச்சலிட்டார்கள். முதல் பரிசு அந்தப் புழுவுக்கும் பட்டாம்பூச்சிக்கும்தான்.

அருள்மொழிக்கு இரண்டாவது வாக்கியம் மறந்துவிட்டது. மேடையில் விழித்துக்கொண்டு நின்றான். குந்தவை குனிந்து அவன் முடியைச் சரிசெய்வதுபோல, "நீ கொடுத்தது எவ்வளவு அருள்மொழி? நான் கொடுத்தது எவ்வளவு?" என்று கேட்டாள். அவனுக்கு நினைவு வந்துவிட்டது. "ரெண்டும் நிறையக்கா!" என்று வீட்டில் பேசுவதுபோலவே உரக்கச் சொன்னான். அவர்களுக்குப் பரிசு கிடைக்கவில்லை.

கூட்டம் கலைந்தபின் அந்த அம்மா வந்தார். கையில் ஒரு கைப்பேசி. பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்து எடுத்த படத்தைக் காட்டினார். "டீச்சர், ரெண்டு பேரும் ஒரே படத்துல வேஷம் போட்டு நிக்கிறது இதுதான் முதல்தடவ" என்றார். சிறிது நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அந்தக் கிழிசல் எங்க போச்சுன்னே தெரியல பாருங்க" என்றார்.

அடுத்த ஆண்டு விழாவுக்கு முன் உங்கள் பள்ளியின் பழைய பெயர்ப் பட்டியலை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். இருக்கும் பெயர்களைப் பார்த்தபின், அதே வீட்டிலிருந்து விடுபட்ட பெயர் எது என்றும் பாருங்கள். அந்தப் பிள்ளையிடம் போய், "உனக்கு என்ன வேஷம்?" என்று கேளுங்கள். வேண்டாம் என்று சொன்னால், இன்னொரு முறை கேளுங்கள்.